கன்டென்சருக்கு ஒரு சொல் வேண்டும், திங்கள் காலைக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கார் ஏ.சி. பழுது பார்ப்பது பற்றிய 8 பக்கக் குறிப்பு திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். கணினியில் மொழிபெயர்த்தபோது கன்டென்சர் (சூடான வாயுவின் வெப்பத்தை வெளியே விட்டு அதைத் திரவமாக்கும் பாகம்) வந்த இடமெல்லாம் 'மின்தேக்கி' (மின்சாரத்தைத் தேக்கும் கெபாசிட்டர்) ஆகிவிட்டது. கவனிக்காமல் ஒரு பக்கத்தை வகுப்பில் கொடுத்துவிட்டேன். "வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் குளிர் போய்விடுகிறது. நீல மீட்டர் (தாழ் அழுத்தப் பக்கம்), சிவப்பு மீட்டர் (உயர் அழுத்தப் பக்கம்) இரண்டிலும் அழுத்தம் கூடுதல். மின்தேக்கியின் விசிறியைச் சோதிக்கவும்" என்று இருந்தது. "மின்தேக்கிக்கு ஏது சார் விசிறி?" என்று ஒரு மாணவன் கேட்டான். சரியான கேள்வி. வீட்டு ஏ.சி.யின் வெளி யூனிட்டில் கன்டென்சரும் உண்டு, மின்தேக்கியும் உண்டு. நாளை அந்த வேலைக்கும் போகப்போகிற பிள்ளைகள் இவர்கள்.

கம்ப்ரசருக்கு அமுக்கி, கூலிங் காயிலுக்கு ஆவியாக்கி என்று போட்டிருக்கிறேன். கன்டென்சருக்கு என்ன போடலாம்?

(ஐ.டி.ஐ. ஆசிரியர்)

* * *

அன்புள்ள தம்பிக்கு,

ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. அதனோடு வினைமுதற்பொருள் விகுதி இகரம் சேர்ந்தால் ஒடுக்கி. கொல்லி எப்படியோ அப்படி. இலக்கணம் இதற்குமேல் என்ன கேட்கும்?

ஆனால் என் மனம் வேறொரு சொல்லில் நிற்கிறது. பனித்தல். ஆவி துளியாவதற்கு நம்மிடம் இருக்கும் அழகான வினை அதுதான். கண் பனித்தது என்கிறோம். அப்பர் 'பனித்த சடையும்' என்று பாடினார். பனித்தலுக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு, குளிரில் உடல் நடுங்குவதால் வந்திருக்கலாம். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாம். பனிப்பி என்று வையுங்கள்.

(ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

* * *

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். ஆவி திரவமாவது எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒடுங்கல்தான். உங்கள் மின்தேக்கி எங்களுக்குக் கொள்ளளவி. ஆகவே ஒடுக்கி என்றால் எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. தமிழகப் புத்தகங்களில் 'ஆவி சுருங்குதல்' என்று கண்டிருக்கிறேன். அதை வைத்துச் 'சுருக்கி' என்று போட்டுவிடாதீர்கள், அது கம்ப்ரசர் மாதிரி ஒலிக்கும்.

* * *

ஐயா, பனிப்பி அழகான சொல். ஆனால் என் பட்டறையில் அது ஆபத்து.

ஏ.சி. ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுமே, அது எங்கிருந்து வருகிறது? டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து சொட்டுகிறது. பையன் கண்ணால் பார்க்கிற பனித்தல் அங்கேதான் நடக்கிறது. கன்டென்சர் தொட்டால் சுடும். பனிப்பி எது என்று கேட்டால் கூலிங் காயிலைத்தான் காட்டுவான். போதாததற்கு 'காயிலில் பனி கட்டுது' என்பது எங்களிடம் ஒரு பழுதின் பெயர்.

ஒடுக்கியும் எனக்குச் சரிப்படவில்லை. அமுக்கி, ஒடுக்கி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் நெருக்குகிற வேலை செய்வதாகத் தோன்றும். கன்டென்சர் எதையும் நெருக்குவதில்லை. கம்ப்ரசர் அனுப்பும் சூடான வாயுவிலிருந்து வெப்பத்தை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அப்படி விட முடியாதபோதுதான் சிவப்பு மீட்டர் ஏறுகிறது. சந்தேகம் வந்தால் கன்டென்சர்மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். முள் சட்டென்று இறங்கினால் விசிறியோ, கன்டென்சரில் அடைந்த தூசியோதான் காரணம். வெப்பம் வெளியே போவது மனதில் பதிந்த பையனுக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தரவே வேண்டாம், அவனே செய்வான்.

கன்டென்சர் என்றே விடுங்கள்.

(ஏ.சி. பட்டறை, கோவை)

* * *

அண்ணா சொன்னது போல வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போமே. கூலிங் காயிலில் திரவம் ஆவியாகிறது, அதனால் ஆவியாக்கி. இங்கே வாயு நீர்மமாகிறது. நீர்மமாக்கி. ஜோடியாக நிற்கும்.

(மொழிபெயர்ப்பாளர், சென்னை)

* * *

நல்ல யோசனை அம்மா. ஒன்றே ஒன்று: 'நீர்' என்று காதில் விழுந்தால் பையன் தண்ணீர் என்று எடுத்துக்கொள்வான். ஆர்134ஏ என்ற ஏ.சி. கேஸ் ஓடுகிற குழாய்க்குள் தண்ணீர் இருக்கவே கூடாது. துளி ஈரம் போனாலும் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளையில் உறைந்து அடைக்கும். கொஞ்ச நேரம் குளிரும், நின்றுவிடும், உருகியதும் மறுபடி குளிரும். அதற்காகத்தான் கேஸ் ஏற்றுமுன் வேக்கம் பம்பு போட்டு உறிஞ்சி ஈரத்தை எடுக்கிறோம். திரவமாக்கி என்றால் இந்தச் சங்கடம் இல்லை.

(ஏ.சி. பட்டறை, கோவை)

* * *

திரவம் வடசொல். நீர்மம் என்ற சொல் பாடநூலிலேயே வந்த பிறகு நாம் ஏன் பின்னால் போகவேண்டும்? பேருந்து என்ற சொல் வந்தபோதும் புரியாது என்றார்கள். இன்று பேருந்து நிலையம் என்று பலகையே இருக்கிறது. சொல்லைப் புழங்கவிட்டால்தானே புரியும்?

(தமிழாசிரியர்)

* * *

பேருந்தை பஸ்ஸோடு குழப்பி யாரும் தவறான பாகத்தைக் கழற்றவில்லை ஐயா. இங்கே கழற்றுவார்கள், காசு வண்டிக்காரருடையது.

(ஏ.சி. பட்டறை, கோவை)

* * *

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு இரவு 11 மணி ஆகிவிட்டது. முதல் பக்கத்தில் 'வாயுவைத் திரவமாக்கும் கன்டென்சர்' என்று ஒரு முறை விளக்கிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் கன்டென்சர் என்றே போடுகிறேன். மின்தேக்கி முழுவதும் போய்விட்டது, தேடிப் பார்த்துவிட்டேன். ஒடுக்கி இலங்கை வழக்கு என்று அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

(ஐ.டி.ஐ. ஆசிரியர்)

* * *

தம்பி, அச்சுக்குத் தடையாக நிற்கமாட்டேன். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிழையான சொல்லை எடுத்தோம், நல்ல சொல்லை வைக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று சொல்லுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வு என்ன செய்கிறது என்பதையும் பட்டறைத் தம்பி எனக்கு எழுதவேண்டும். அதற்கும் ஒரு சொல் தேட இப்போதே தொடங்குகிறேன்.

(தமிழாசிரியர்)