லெந்து முழுக்க குடிக்காதவர் ஈஸ்டர் மத்தியானமே குடிக்கிறார். என்ன செய்யலாம்?

சூரமங்கலம்_சபையார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. எங்க சபையில வருஷா வருஷம் நடக்கிற விஷயம் இது. வாரத்துல மூணு நாலு நாள் குடிக்கிற ஆளுங்க, லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், சாம்பல் புதன்ல ஆரம்பிச்சுட்டா ஒரு சொட்டு தொடமாட்டாங்க. பாதிப்பேர் கொலுசுப் பட்டறையில சனிக்கிழமை கூலி வாங்குறவங்க, கொஞ்சம் பேர் தறி ஓட்டுறவங்க, ரெண்டு பேர் ஏற்காட்டுல லாட்ஜ் வேலை. லெந்து கூடுகை ஒண்ணு விடமாட்டாங்க. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வெள்ளைச் சட்டையோட வந்து, ராப்போஜனம் (அப்பமும் திராட்சரசமும்) எடுத்துட்டு, மத்தியானம் பிரியாணியோட சேர்த்து ஆரம்பிச்சிடுறாங்க.

கேள்வி மூணு. இத்தனை நாள் முடியுதுன்னா மனவுறுதி இருக்குன்னுதானே அர்த்தம், அப்புறம் ஏன் விழறாங்க? ஈஸ்டருக்கு அப்புறம் என்ன செய்யணும்? ("ஜெபிங்க, வேதம் வாசிங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதை நாங்களே சொல்லிட்டுத்தான் இருக்கோம்.) லெந்துக்குப் பொருத்தனை (ஆண்டவர்கிட்ட நேர்ந்துக்கிறது) பண்ணிட்டு நடுவுல உடைச்சா அது ரெட்டைப் பாவமா?

கோரிமேடு_வாத்தியார்:

சகோதரரே, மனவுறுதியைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. லெந்துல அவரைத் தாங்குறது எது எதுன்னு பாருங்க. முடியிற தேதி தெரியும். அவர் விட்டிருக்கிறது தெருவுக்கே தெரியும், கூட்டாளிகளும் "லெந்து"ன்னு சொன்னா வற்புறுத்த மாட்டாங்க. சாயங்காலம் போக ஒரு கூடுகை இருக்கும். வீட்டுச் சமையல்கூட மாறியிருக்கும். இத்தனையும் ஈஸ்டர் அன்னைக்கு ஒரே நாள்ல நின்னுபோகுது. சபை அவரை 46 நாள் பிடிச்சிருந்துட்டு 47-வது நாள் காலையில கையை விட்டுடுது. அப்புறம் ஆயர் லீவு, மே மாசம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பெரியவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. மத்தேயு 12:43-45-ல ஒரு மனுஷனை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வரும்போது வீடு சுத்தமாத்தான் இருக்கு, ஆனா வெறுமையா இருக்கு. ஏழு ஆவிகள் வந்து குடியேறுறதுக்கு அந்த வெறுமைதான் காரணம்.

மத்தேயு 4-ஐயும் படிங்க. இயேசுவுக்கு நாற்பது நாள் உபவாசம் முடிஞ்சு பசி வந்தப்போதான் "கல்லை அப்பமாக்கு"ன்னு சோதனைக்காரன் வர்றான். முடிவுநாள்தான் ஆபத்தான நாள்ங்கிறது அங்கேயே இருக்கு. அதனால ஈஸ்டருக்கான ஏற்பாட்டை ஐந்தாம் லெந்து ஞாயிறுக்குள்ள (ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் முன்னாடி) பேசி முடிச்சிடணும். மத்தியானம் யார் வீட்டுல சாப்பாடு, அங்க பாட்டில் வருமா, வந்தா எத்தனை மணிக்குக் கிளம்புறது, யார் கூட கிளம்புறது, எல்லாமே.

அடுத்தது சனிக்கிழமை. யாக்கோபு 1:14-15-ல வரிசை இருக்கு: இழுக்கப்படுறது, சிக்குறது, இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவம் பிறக்கிறது. நம்ம ஆளுங்க சண்டை போடுறது கடைசிப் படியில, டம்ளர் கைக்கு வந்த பிறகு. முதல் படி எங்கன்னு பட்டறையில போய்ப் பாருங்க. கூலி கைக்கு வர்ற நேரம், மத்தியானம் அரைகுறையா சாப்பிட்ட வயிறு, கூட இருக்கிறவன் "ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாம்"ங்கிறான், போற வழியில கடை. நீதிமொழிகள் 4:15 சொல்றதும் வழியைப் பத்தித்தான்: "அதின் வழியாய்ப் போகாதே, அதைவிட்டு விலகிக் கடந்துபோ." 23:31-லயும் மதுவைப் "பாராதே"ன்னுதான் இருக்கு. குடிக்கிறது அதுக்கு ரொம்பப் பின்னாடி.

செய்ய வேண்டியது: கூலியை மனைவி கணக்குக்கு நேரா அனுப்பச் சொல்லி முதலாளிகிட்ட ஒருதரம் பேசிடணும். அவர் போன்ல இருக்கிற ஜிபே கணக்குல பஸ் காசுக்கு மேல வைக்கக் கூடாது, இதை மறந்துட்டா மத்ததெல்லாம் வீண். நாலரை மணிக்கு வயிறு நிறைய ஏதாவது சாப்பிடணும், பசியையும் குடி ஆசையையும் உடம்பு லேசுல பிரிச்சுச் சொல்லாது. கடை இல்லாத வழியா வரணும், அரை கிலோமீட்டர் சுத்தினாலும் சரி. ஆறரைக்கு அவர் இருந்தே ஆகவேண்டிய வேலை ஒண்ணு வேணும். சனிக்கிழமை பாடகர் பயிற்சி இருந்தா அதுக்கே வரச்சொல்லுங்க, பாடத் தெரியாட்டி நாற்காலி போடட்டும். டாஸ்மாக் மத்தியானம் 12-லிருந்து ராத்திரி 10 வரைக்கும். ஆக, அவர் தாண்ட வேண்டியது முழு ராத்திரி இல்ல, நாலு நாலரை மணி நேரம். (திருட்டுத்தனமா விக்கிற சந்துக்கடைக்கு நேரம் காலம் கிடையாது, ஆனா காசு இல்லாதவனுக்கு அங்கயும் கதவு திறக்காது.)

ஆசை எழும்பினா எழும்பிக்கிட்டே போகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள உச்சிக்குப் போய்த் தணிஞ்சிடும். அந்த அரை மணிக்கு நீண்ட ஜெபம் ஓடாது. சங்கீதம் 70:1 ("தேவனே, என்னை விடுவியும்") மாதிரி ஒரு வரி போதும், கூடவே ஒரு போன்.

ஏற்காட்டு ஆட்களுக்குக் கணக்கு வேற. காப்பிப் பழம் பறிப்பு நவம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வாக்குல முடியும், அதுக்கப்புறம் லெந்து வர்றதால காசு வரத்தும் குறைச்சல், விடுறது சுலபம். ஈஸ்டர் முடிஞ்சதும் சீசன், மே மாசம் கோடை விழா. லாட்ஜ்ல டிப்ஸ் கையில புரளும், ரூமைக் காலி பண்றவங்க பாதி பாட்டிலை விட்டுட்டுப் போவாங்க. அந்த ரெண்டு பேரையும் சீசன் முடியிற வரைக்கும் ரூம் சுத்தம் பண்ற வேலையிலிருந்து சமையலறைக்கோ வரவேற்புக்கோ மாத்தித் தரச்சொல்லிக் கேளுங்க. முடியாதுன்னா தனியா ரூமுக்குள்ள போகாம ஜோடியா போகணும்.

மருந்துச்சீட்டு:

வாத்தியார் எழுதியது வாரத்தில் சில நாள் குடிப்பவர்களுக்குச் சரி. தினமும் குடிப்பவர் உங்கள் பட்டியலில் ஒருவர் இருந்தாலும் இதைக் கட்டாயம் படியுங்கள்.

டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். தினமும் அதற்கு மேல் மாதக்கணக்கில் குடித்தவர் சாம்பல் புதனன்று திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, பூச்சி ஊர்வதாகச் சொல்வது. இது உயிருக்கு ஆபத்தான நிலை. இதைப் "பிசாசு பிடித்துவிட்டது" என்று சுற்றி நின்று ஜெபித்தபடி மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஜெபியுங்கள், ஆனால் 108 ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது வரும் தொந்தரவு கடுமையாகும் வாய்ப்பு உண்டு. "போன லெந்துக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது இந்த லெந்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஆகவே தினக்குடிகாரரை லெந்துக்கு ஒரு வாரம் முன்பே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையைச் சில நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இலவச உதவி எண்கள்: போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416.

நிறுத்திய முதல் வாரம் அவருக்கு உபவாசம் வேண்டாம். தண்ணீரும் குடிக்காத உபவாசம் கூடவே கூடாது. 46 நாள் கழித்துக் குடித்தால் பழைய அளவை உடல் தாங்காது, முன்பு சாதாரணமாக இருந்த அளவே இப்போது ஆளைச் சாய்க்கும். ஈஸ்டர் மாலை வண்டி ஓட்டிப் போகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன், அதுவும் ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் "குடி நிறுத்தும் பொடி" வேண்டவே வேண்டாம் என்று மனைவிமாரிடம் சொல்லுங்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து அவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சாவுகூட நேரலாம். அது டாக்டர் சொல்லி, அவரே சம்மதித்து விழுங்க வேண்டிய மருந்து. அதைச் சாப்பிடுகிறவர் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களையும், சில இருமல் மருந்துகளையும், ராப்போஜனத் திராட்சரசம் புளித்ததாக இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். ஆயரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எலியாவின்_சால்வை:

இவ்வளவு கணக்கு எதுக்கு? பரிசுத்த ஆவியோட அபிஷேகம் இறங்கினா ஒரே ராத்திரியில விடுதலை. மாத்திரை, ஜிபே எல்லாம் மாம்ச வழி.

கோரிமேடு_வாத்தியார்:

பிரதர், ஒரே ராத்திரியில விடுதலை கிடைக்கிறதை நான் மறுக்கல. யோவான் 11-ல செத்துப்போன லாசரு ஒரே வார்த்தையில உயிரோட வந்தான். ஆனா கை கால்ல கட்டோடதான் வந்தான், "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்"னு ஆண்டவர் பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னார். இங்க பேசுறது பக்கத்துல நிற்கிறவங்க வேலையை.

மலைமாதா_பிள்ளை:

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து கொஞ்சம். எங்களுக்கும் தவக்காலத்தில் இதே கதைதான், பாஸ்கு ஞாயிறு (ஈஸ்டர்) பந்தியில் அதே கூட்டம்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் ஒரு முறை வைத்திருக்கிறார், குடிக்கும் பொருந்தும், கோபம், கெட்ட படம், பொய்க் கணக்கு எதற்கும் பொருந்தும். ஒரே ஒரு பாவத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன் அதற்கு எதிராகத் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டும். நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. முதல் கோட்டோடு இரண்டாவதை, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு பாவத்தை ஒன்றாக எடுத்தால் நோட்டு நாலாம் நாள் மூலைக்குப் போய்விடும். குடிப்பவர் குடித்ததற்கு மட்டுமல்ல, கடை இருக்கும் தெருவில் திரும்பியதற்கும் புள்ளி வைக்கட்டும், அப்போதுதான் எங்கே இழுக்கிறது என்று தெரியும்.

அவரே சொன்ன இன்னொன்று: சோதனைக்காரன் எதைவிடவும் வெளியே தெரிவதற்குத்தான் அஞ்சுவான். விழுந்ததை ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாதி பலம் போகும். எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவது) இருக்கிறது. அதிலும் தவக்காலத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வைத்தால் இந்த மாதிரிப் பழக்கத்துக்குப் போதாது. மாதம் ஒருமுறையாவது, அதுவும் ஒரே சாமியாரிடம்.

பொருத்தனை பற்றி: சபை உரையாளர் (உங்கள் வேதத்தில் பிரசங்கி) 5, நேர்ந்துகொண்டு செய்யாததைவிட நேராமல் இருப்பதே மேல் என்கிறது. அதனால் "இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன்" என்று பீடத்தில் கைவைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். உடைத்தவனுக்குக் குடித்த குற்றத்தோடு சத்தியம் மீறிய குற்றமும் சேர்ந்து, கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவான். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே திருநாள் வரை ஐம்பது நாள் என்று கேளுங்கள். திருவழிபாட்டில் அதுவும் ஒரு காலம்தான், தொடக்கமும் முடிவும் இருக்கிறது. முடிந்ததும் அடுத்த தேதி.

சூரமங்கலம்_சபையார்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஐம்பது நாள் யோசனையை கமிட்டியில வைக்கிறோம். இன்னும் ஒண்ணு. நடுவுல ஒருநாள் விழுந்துட்டா அன்னைக்கு என்ன பண்றது? நல்லா வர்றவங்களை ஈஸ்டர் அன்னைக்கே சாட்சி சொல்ல வைக்கலாமா?

கோரிமேடு_வாத்தியார்:

சாட்சி வேண்டாம். மேடையில கைதட்டு வாங்கினவன் விழுந்தா யார்கிட்டயும் சொல்லமாட்டான், மறைக்கத்தான் பார்ப்பான். குறைஞ்சது ஒரு வருஷம் போகட்டும், ஒரு கிறிஸ்துமஸ், ஒரு ஈஸ்டர், ஊர்ல ஒரு கல்யாணம், ஒரு சாவு வீடு தாண்டட்டும். சாவு வீடு ரொம்ப முக்கியம், அங்க வேண்டாம்னு சொன்னா மரியாதைக் குறைவுன்னு எடுத்துக்குவாங்க.

விழுந்த அன்னைக்கு: போதையில இருக்கும்போது புத்தி சொல்லாதீங்க, மனைவியையும் சொல்லவிடாதீங்க. தண்ணீர், சாப்பாடு, தூக்கம். மறுநாள் ஞாயிறுன்னா எப்படியாவது ஆராதனைக்குக் கூட்டிட்டு வாங்க, பின் வரிசையில உட்காரட்டும். ராப்போஜனம் எடுக்கிறதா வேண்டாமாங்கிறதை ஆயர்கிட்ட தனியா பேசி முடிவு பண்ணட்டும், கமிட்டி தலையிட வேண்டாம். பாவத்தை அறிக்கையிட்டா மன்னிப்பு உண்டுன்னு சொல்ற 1 யோவான் 1:9-ஐ வெச்சு ஜெபிச்ச பிறகு ஒரே கேள்வி கேளுங்க: "எத்தனை மணிக்கு, எந்த இடத்துல மனசு மாறுச்சு?" "ஏன் குடிச்சே"ன்னு கேட்டா அழுகை வரும், பதில் வராது. அவர் சொல்ற இடத்துலதான் அடுத்த சனிக்கிழமை ஆள் நிற்கணும்.

"ஒருதரம்தான் போச்சே, இனி என்ன"ன்னு அடுத்த நாலு நாள் தொடர்ந்து குடிக்கிறதுதான் பெரிய சேதம். திங்கள் காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் போன் பண்ணியே ஆகணும். யார்ங்கிறதை இப்பவே பேர் எழுதி வெச்சிடுங்க. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு மேல கொடுக்காதீங்க, ஆயர் பேரை எல்லாருக்கும் போட்டா அது யாருக்கும் போடாத மாதிரிதான்.