பார்வோ: ஆறு குட்டிகளுக்குத் தற்காலிக வீடு வேண்டும்

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு சிறிய நாய்க் காப்பகத்தில் வார இறுதியில் உதவி செய்கிறேன். போன வாரம் ஒரு சாக்குப்பையில் 5 குட்டிகள் வந்தன. இரண்டே நாளில் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோதான், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். மூன்று போய்விட்டன, ஒன்று என் மடியிலேயே. மீதி இரண்டுக்கும் டிரிப்ஸ் ஏறுகிறது.

இப்போது கவலையெல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆறு குட்டிகள் பற்றித்தான். இந்தக் கிருமி மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஃபினாயிலுக்குச் சாகாது. கழிவை நன்றாகக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றி, பத்து நிமிடமாவது ஈரமாக விட வேண்டும். சிமெண்ட் தரைக்குச் சரி, மண் முற்றத்தை என்ன செய்வது? இதைச் சமாளித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், முக்கியமானது. ஆறு குட்டிகளையும் 14 நாள் தனித்தனியாக வைத்துப் பார்க்க வீடுகள் தேவை. வேறு நாய் இல்லாத வீடாக இருக்கட்டும், ஏனென்றால் நோய் வெளியே தெரியாமலே உள்ளே இருக்கலாம். சாப்பாடு, மருந்துச் செலவு எங்களுடையது. தடுப்பூசியும் நாங்களே போடுகிறோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அதனால் ஒன்றோடு நிறுத்த முடியாது, சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். ஒரே ஒரு குட்டியை வைத்துக்கொள்ள முடிந்தாலும் இன்றே எனக்குத் தகவல் அனுப்புங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன்.