பழைய ஃபிளாட்டுக்கு ஜன்னல் மாத்தணும், வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க

பாலக்கோட்டான்: வணக்கங்க. குளிர் தாங்கல, ஜன்னல்ல தண்ணி வடியுது. ஒரு கம்பெனி ரெண்டு அடுக்குக் கண்ணாடிங்குது, இன்னொண்ணு மூணு அடுக்குங்குது. வெள்ளிக்கிழமை கையெழுத்து கேக்கறாங்க. எது போடலாம்?

ஓசூர்க்காரன்: நீங்க இருக்கறது ஜெர்மனின்னே வெச்சுக்கறேன். மூணு அடுக்குதான், யோசிக்காதீங்க. கண்ணாடியோட யு-மதிப்பு, அதாவது சூடு எவ்வளவு வெளிய போகுதுங்கற எண், ரெண்டு அடுக்குக்கு சுமார் 1.1, மூணுக்கு 0.5 முதல் 0.7. எண் குறையக் குறைய சூடு வீட்டுக்குள்ளயே நிக்கும்.

அரூர்: கண்ணை மூடிட்டு அப்படிச் சொல்லாதீங்க. 4 மில்லி கண்ணாடி மூணு சேர்ந்தா சதுர மீட்டருக்கு 30 கிலோ. பழைய ஜன்னல் சட்டத்துலயே (ஃபிரேம்) கண்ணாடியை மட்டும் மாத்தினா கீல் தொங்கிடும். சுவருக்கு இன்சுலேஷன் (குளிர் தடுக்கற உறை) இல்லாத கட்டடம்னா இன்னொரு வம்பு: கண்ணாடியை விட சுவர் குளிர்ந்து போகும், இதுவரை கண்ணாடியில வடிஞ்ச ஈரம் இனிமே அந்தச் சுவர் மூலையில படியும், பூஞ்சை புடிக்கும். ரெண்டே போதும்.

ஓசூர்க்காரன்: ரெண்டு அடுக்கு போட்டா அரசு மானியம் போச்சு. அரசு விதிப்படி யு-மதிப்பு 1.3 தாண்டாம இருந்தா போதும், மானியத்துக்கு 0.95 தாண்டக்கூடாது. இந்த ரெண்டு எண்ணுமே ஃபிரேமோட சேர்ந்த முழு ஜன்னல் மதிப்பு. கம்பெனிக்காரங்க கண்ணாடி மதிப்பை மட்டும் பெருசா அச்சடிப்பாங்க, ஏமாறாதீங்க.

ஊத்தங்கரை: முதல் குளிர்காலம் எல்லாருக்கும் இப்படித்தான். ஹீட்டிங் பில் வேற. இங்க ஜன்னல் மாட்ட ஆள் வர்றதுக்குள்ள நம்மூர்ல ஒரு மாங்கா சீசனே முடிஞ்சிரும்.

ஓசூர்க்காரன்: ராகி மாவு விலையையும் சேத்துச் சொல்லுங்கண்ணா.

பென்னாகரம் அக்கா: பேச்சு எங்கயோ போகுது. தம்பி, வாடகையா சொந்தமா? வாடகைன்னா ஜன்னல் ஓனர் பொறுப்பு. குறையை எழுத்துல குடுங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

பாலக்கோட்டான்: ஜெர்மனிதாங்க்கா, சொந்த ஃபிளாட். 1960கள்ல கட்டினது, சுவருக்கு இன்சுலேஷன் இல்ல. அஞ்சு ஜன்னலும் மாத்தணும்.

பென்னாகரம் அக்கா: அப்ப வெள்ளிக்கிழமையை மறந்துடுங்க. ஃபிளாட் உங்களுது, ஜன்னல் கட்டடத்தோட பொதுச்சொத்து. உரிமையாளர் கூட்டத்துல தீர்மானம் வேணும், கட்டட நிர்வாகிக்கு இன்னைக்கே எழுதுங்க. மானியம் 15 சதவீதம். அதுக்கு எனர்ஜி நிபுணர் கட்டாயம். வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே பாஃபாவுல (மானியம் குடுக்கற அரசு அலுவலகம்) விண்ணப்பிக்கணும். மானியம் கிடைச்சாதான் ஒப்பந்தம் செல்லும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கணும், அது இல்லாம கையெழுத்துப் போட்டா மானியம் போயிடும்.

அரூர் சொன்ன பூஞ்சை உண்மை, ஆனா அதுக்காக மட்டமான கண்ணாடி போட வேண்டியதில்ல. மூணுல ஒரு பங்குக்கு மேல ஜன்னல் மாத்தினா காற்றோட்டத் திட்டம் (வீட்டு ஈரம் எப்படி வெளிய போகும்ங்கற கணக்கு) பார்க்கணும், அதை நிபுணர்கிட்டயே கேளுங்க.

மாட்டற வேலையிலதான் நிறைய கெடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல நுரை மட்டும் அடிச்சா வீட்டு ஈரம் அதுல எறங்கித் தங்கிடும். உள்பக்கம் நீராவி புகாத டேப், நடுவுல இன்சுலேஷன், வெளியே மழையைத் தடுத்து ஈரத்தை வெளிய விடற டேப், மூணும் விலைப்பட்டியல்ல தனித்தனியா இருக்கணும். ஜன்னல் மேல ஷட்டர் பெட்டி (வெளி ஷட்டர் சுருண்டு போற பெட்டி) இருக்கா? இருந்தா அதோட மூடி ஓரத்துல கை வெச்சுப் பாருங்க. குளிர்காத்து வந்தா அந்தப் பெட்டிக்கும் இன்சுலேஷன் இதே வேலையில சேத்துடச் சொல்லுங்க.