நியூ ஜெர்சி ஆளுநர் பிரைமரி: அப்பாவின் தபால் ஓட்டுச்சீட்டு வரவில்லை, உதவி தேவை

வணக்கம். 2025 ஜூன் 10 செவ்வாய்க்கிழமை டெமாக்ரட் கட்சியின் ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி (உட்கட்சித் தேர்தல்). இன்று வெள்ளி, அப்பாவுக்குத் தபால் ஓட்டுச்சீட்டு இன்னும் வரவில்லை. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறார். வாக்குச்சாவடிக்கோ, ஞாயிறு வரை நடக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கோ அழைத்துப் போக முடியாது.

போன நவம்பர் பொதுத் தேர்தலுக்குச் சீட்டு தானாகவே வந்தது. இப்போது வராததற்குக் காரணம், அவர் எந்தக் கட்சியும் சாராதவர் என்று பதிவாகி இருந்ததுதான். பிரைமரிக்குத் தபால் சீட்டு வேண்டுமென்றால் கட்சியை அறிவிக்க வேண்டும். (ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களுக்குத்தான் பிரைமரிக்கு 55 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற கெடு, அவருக்கு அது பொருந்தாது.) மே மாதமே படிவம் கொடுத்துவிட்டோம். மாநில இணையதளத்தில் அவர் கட்சி டெமாக்ரட் என்று மாறிவிட்டது, சீட்டு அனுப்பப்பட்டதாகவும் காட்டுகிறது. தபால்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் கேட்டாயிற்று. கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்குப் போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை.

ஃபில் மர்ஃபி தொடர்ந்து இரண்டு முறை ஆளுநராக இருந்துவிட்டதால் இந்த முறை நிற்க முடியாது. ஆறு பேர் போட்டியிடுகிறார்கள். அப்பா எல்லா விவாதத்தையும் பார்த்து ஒருவரை முடிவு செய்து வைத்திருக்கிறார். அவர் ஓட்டு வீணாகக் கூடாது.

திங்கள் மதியம் 3 மணி வரை கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்கலாம், நோயாளிக்காக வீட்டார் ஒருவர் தூதராக (messenger, அவர் சார்பில் சீட்டு வாங்கி வருபவர்) போய் சீட்டு வாங்கலாம் என்பது தெரியும். ஏற்கெனவே தபாலில் அனுப்பியதாகப் பதிவாகியிருக்கும்போது, தூதர் கையில் மாற்றுச் சீட்டு கொடுப்பார்களா? அப்படி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?