மறு: 'ரீச்' – அடைவா, எட்டலா?

வணக்கம் நண்பர்களே. முகநூலில் ஒரு பதிவு எத்தனை பேர் திரைக்குப் போனது என்ற கணக்கை 'ரீச்' (reach) என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் குழுப் பேச்சுக்கு என் பதில் இது. முன்னே ஒருவர் எழுதியது:

> 'அடைவு' என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

அண்ணே, தமிழ்நாட்டில் அது ஓடலாம். இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு 'அடைவுநிலை' என்றாலே தேர்வு முடிவுதான் நினைவுக்கு வரும். நாளிதழின் முகநூல் பக்கத்துக்கு 'அடைவு குறைந்தது' என்று எழுதினால் வேறு எதையோ சொல்வதாக நினைப்பார்கள். 'சென்றடைவு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் பேச்சில் வராது.

நான் 'எட்டல்' என்கிறேன். இது என் மண்டையில் உதித்த சொல் அல்ல, சுங்கை சிப்புட்டில் ஒரு ஒட்டுக்கடையில் காதில் விழுந்தது.

நான் இந்த வட்டாரத்துக்குப் பகுதி நிருபர். போன வாரம் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் கைப்பேசியில் முகநூலைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் நாளிதழ் போட்டிருந்த கண்ணீர் அஞ்சலி ஒன்று வந்தது. கட்டைவிரலால் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே பதிவு மறுபடி வந்தது, அதையும் தள்ளினார். மூன்றாம் முறைதான் விரல் நின்றது. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம தோட்டத்துக் கிராணி ஆச்சே! எனக்குத் தகவலே எட்டலையேப்பா" என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்.

அவர் முதல் முறை தள்ளிவிட்டபோதே முகநூல் அவரைக் கணக்கில் சேர்த்தாயிற்று. ஆனால் அவருக்குச் செய்தி எட்டியது மூன்றாம் முறைதான்.

அப்படியானால் 'எட்டல்' பொருந்தாதே என்று நம் குழுவில் இருக்கும் டீச்சர் கேட்பார். பொருந்தும் டீச்சர். கைக்கு எட்டியது, காதுக்கு எட்டியது, அறிவுக்கு எட்டியது என்று தமிழ் ஏற்கெனவே படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதும் நமக்குத் தெரியும். முகநூல் எண்ணுவது திரைக்கு எட்டியதை மட்டும். கறாராகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'திரையெட்டல்' என்று போடலாம். மற்ற இடங்களில் 'எட்டல்' போதும். 'பகிர்' நிலைத்ததற்குக் காரணம், அது பகிர்ந்தார், பகிர்வு, பகிரவில்லை என்று எல்லாப் பக்கமும் வளைவதுதான். 'எட்டு' என்ற வினையும் அப்படியே வளையும். எண்ணோடு குழம்பும் என்ற பயமும் வேண்டாம், 'எட்டல்' என்ற பெயர்ச்சொல்லில் அது வராது.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு, எத்தனை தடவை என்பது வேறு கணக்கு. 'இம்ப்ரெஷன்' என்கிறார்களே, அதற்குக் 'காட்டல்' என்று வைத்தால் என்ன? அந்தப் பெரியவர் கணக்கில் எட்டல் 1, காட்டல் 3. இந்தப் பிரிவு பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கடையில் ஒரு தாள் வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டுவார். விற்றது ஒரு எண், படித்தவர் வேறு எண்.

பின்தொடர்வோரின் எண்ணிக்கையையும் எட்டல் என்று கொள்ளக்கூடாது. 2018 ஜனவரியில் முகநூல், பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னிடம் தரப்போவதாக அறிவித்தது. அதனால் ஒரு நாளிதழ்ப் பக்கத்தை ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தாலும், போடுகிற செய்தி எல்லாருக்கும் எட்டிவிடாது. புலனத்திலும் (வாட்ஸ்அப்) 2019 முதல், வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப (ஃபார்வர்ட்) முடிவதில்லை. செய்தி போய்ச் சேரும் வழி மாறிக்கொண்டே இருக்கிறது, அதை அளக்கிற சொல்லாவது தெளிவாக இருக்கட்டும்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால், அஞ்சலி விளம்பரம் கொடுக்க வரும் குடும்பத்தார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்க அப்பா செத்தது தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியுமா தம்பி?" அவர்களிடம் போய் 'ரீச்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாளை அனுப்பும் மாதக் கணக்கில் எட்டல், காட்டல் இரண்டையும் போடப்போகிறேன். 'எட்டல்' பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. 'காட்டல்' இடித்தால் இன்றிரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து