மறு: மறு: ‘ஹோல்டு’ – பணம் வராத முன்பதிவு நிலைக்குத் தமிழில் என்ன பெயர்?

அம்பாசமுத்திரத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கூடாரத் தங்கலுக்கான முன்பதிவு மென்பொருளைத் தமிழாக்குவதில் மற்ற சொற்கள் ஏறக்குறைய ஒத்துவந்துவிட்டன. இழுத்துக்கொண்டு நிற்பது ‘ஹோல்டு’ ஒன்றுதான்.

பாபநாசம் பக்கம் ஒரு தோப்பில் எட்டுக் கூடார இடங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒருவர் நான்காம் இடத்தைத் தொட்டு, தேதி கொடுத்து, யு.பி.ஐ. திரைக்குப் போகிறார். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து நான்காம் இடம் வேறு யாருக்கும் காலி என்று தெரியக்கூடாது. குறித்த நேரத்துக்குள் பணம் வந்தால் முன்பதிவு. வராவிட்டால் யாரும் தொடாமலே இடம் மறுபடி திறந்துகொள்ள வேண்டும்.

இது மூன்று வகையாக வருகிறது. வலைத்தளத்தில் 10 முதல் 15 நிமிடம். தொலைபேசியில் ‘சாயந்திரம் பணம் போட்டுருதேன்’ என்பவருக்குச் சில மணி நேரம். பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி கூட்டமாக வருபவர்களுக்கு ஐந்தாறு இடம் சேர்த்து, ஒரு குறித்த தேதிவரை.

இப்போது திரையில் இருப்பது ‘தற்காலிக முன்பதிவு’. அதைத் தூக்கியே ஆகவேண்டும். குறுஞ்செய்தியில் வந்தால் ‘முன்பதிவு’ மட்டும்தான் கண்ணில் படும். சீசன் சனிக்கிழமை சாயந்திரம் குடும்பத்தோடு வந்து இறங்கி, அந்தச் செய்தியைக் காட்டி இடம் கேட்பார். தோப்புக்காரர் யாரிடம் போய் முட்டிக்கொள்வார்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, இதற்குச் சொல் நம்மிடம் இருக்கத்தானே செய்கிறது! வண்ணார்பேட்டையில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுகிறோம். டிக்கெட் எடுக்கவில்லை, ஏறவும் இல்லை, ஆனாலும் சீட்டு நம்முடையது. ‘துண்டு’ என்றே வைத்துவிடலாம். பாதி விளையாட்டு, பாதி நிஜமாகவே சொல்கிறேன்.

அது வேண்டாம் என்றால் ‘இட ஒதுக்கீடு’.

தென்காசியிலிருந்து:

‘இட ஒதுக்கீடு’ வேண்டவே வேண்டாம் தம்பி. அதைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் எவருக்கும் 69 சதவீதம்தான் நினைவுக்கு வரும், கூடாரம் வராது. விளம்பரத் தாளில் ‘இட ஒதுக்கீட்டு மென்பொருள்’ என்று போட்டால் கல்லூரி அலுவலகங்களிலிருந்து அழைப்பு வரும்.

‘துண்டு’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் இதே மென்பொருளில் அன்றாடக் கணக்குத் திரை இருக்கிறது. கணக்கில் ‘துண்டு’ என்றால் துண்டு விழுந்தது, அதாவது பற்றாக்குறை. ‘இன்று துண்டு 3’ என்று பார்த்தால் கல்லாவில் இருப்பவர் பணத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று, பஸ்ஸில் போட்ட துண்டுக்குக் கெடு கிடையாது, ஆள் வந்து சண்டை போடும்வரை கிடக்கும். நமக்கு வேண்டியது நேரம் முடிந்தால் தானே விலகுவது.

‘பிடித்துவைப்பு’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். ரத்து செய்தால் கழிக்கும் தொகையை ‘பிடித்தம்’ என்கிறோம். இரண்டும் ஒரே திரையில் அருகருகே வரும். பணம் போய்ச் சேர்ந்ததா என்று ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவர் ‘பிடித்துவைத்தது’ என்று பார்த்தால், காசைத்தான் பிடித்துவைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்.

உரிமையாளரே இடத்தை மூடுவதை இதோடு குழப்பக்கூடாது. மழையில் சேறாகிவிட்டது, கிளை முறிந்து கிடக்கிறது, குற்றாலத்தில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், இதற்கெல்லாம் மூடுவது ‘அடைப்பு’. ஹோல்டு விருந்தினர் பொருட்டு. அடைப்பு இடத்தின் பொருட்டு. மாதாந்திர நிரம்பல் விகிதம் போடும்போது அடைத்த இரவுகளை மொத்த இரவுகளிலிருந்து கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஹோல்டில் இருந்து விலகிய இரவைக் கழிக்கக்கூடாது, அது விற்காத இரவு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் விகிதம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

என் பரிந்துரை ‘எடுத்துவைப்பு’. ‘அந்தச் சேலையை எடுத்து வைங்க அண்ணாச்சி, சாயந்திரம் வந்து வாங்கிக்கிடுதேன்’ என்று கடையில் சொல்கிறோமே, அதுதான் இது. பணம் கொடுக்கவில்லை, பொருள் வேறு யாருக்கும் போகாது, கடை அடைக்கும்வரைதான். சொல்லிக் கொடுக்காமலே புரியும்.

எந்தச் சொல்லானாலும் கெடு நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். காரணம் நிரலுக்குள் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால், ‘காலியா என்று பார், பிறகு பதி’ என்று எழுதிய நிரல் இருவருக்குமே காலி என்றுதான் சொல்லும். காவல் தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதும் பதிவுகளை விலக்கும் கட்டுப்பாடு) போட்டால், அதே இட எண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும் தேதிகளை அது ஏற்காது. இட எண்ணையும் அதில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் என்ற கூடுதல் நீட்சி வேண்டும். தேதி வரம்பு தொடக்க நாளைச் சேர்த்து, முடிவு நாளை விட்டுவிடட்டும். அப்போதுதான் 14ஆம் தேதி காலை ஒருவர் கிளம்ப, அன்று மதியமே இன்னொருவர் வரலாம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டுப்பாட்டின் நிபந்தனைக்குள் ‘இப்போதைய நேரம்’ என்பதை எழுத முடியாது. எப்போது கூப்பிட்டாலும் ஒரே விடை தரும் சார்புகளை (ஃபங்ஷன்) மட்டுமே அது ஏற்கும். ஆகவே கெடு தாண்டிய பதிவு தானாக வழிவிடாது. புதியதைச் செருகும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனையில், முதலில் கெடு தாண்டியவற்றை ‘விடுவித்தது’ என்று மாற்றிவிட்டுப் பிறகு செருக வேண்டும். அவ்வப்போது ஓடும் துப்புரவு நிரலை மட்டும் நம்பினால், காலியான இடத்தையே ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

பணம் பிந்தியும் வரும். கெடு 6.30, வங்கியின் உறுதிச் செய்தி 6.34. இடம் இன்னும் காலியென்றால் அதையே உறுதிசெய்துவிடலாம். போய்விட்டதென்றால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும், பிடித்தம் ஒரு பைசா கூடாது. அந்த உறுதிச் செய்தி இரண்டு முறை வந்து சேர்வதும் உண்டு. பணப் பரிவர்த்தனை எண்ணை வைத்து இரண்டாவதை ஒதுக்குங்கள்.

எடுத்துவைத்தவற்றை ஐகால் ஊட்டத்தில் (நம் நாட்காட்டியை மற்ற முன்பதிவுத் தளங்களுக்குக் காட்டும் கோப்பு) வெளியே அனுப்பாதீர்கள். மற்ற தளங்கள் அதை மணிக்கணக்கான இடைவெளியில்தான் வந்து எடுத்துப் போகும். 15 நிமிட எடுத்துவைப்பு தற்செயலாக அப்போது அதில் மாட்டினால், அடுத்த முறை அவர்கள் வந்து எடுக்கும்வரை அந்த இடம் அங்கே விற்காது.

வள்ளியூரிலிருந்து:

எடுத்துவைப்பு நல்ல சொல்தான் அக்கா, ஆனால் வால் இடிக்கிறது. ‘வைப்பு’ என்றால் வங்கியில் வைப்புத்தொகை, நிரந்தர வைப்பு. பணம் கட்டாத நிலைக்குப் பணம் கட்டிய வாசனையுள்ள சொல்லை வைக்கிறோம். ‘எடுத்துவைப்பு 500’ என்று எவராவது நிரப்பத்தான் போகிறார்கள்.

நீளத்தையும் பாருங்கள். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீட்டு இடம்தான்; இரண்டாக உடைந்தால் ஒவ்வொன்றுக்கும் 67. உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு இடம் தின்னும். ‘எடுத்துவைப்பு’ 13, ‘தற்காலிக முன்பதிவு’ இடைவெளியோடு 18, ‘முன்பதிவு’ மட்டும் 9. நீளத்தில் எடுத்துவைப்புக்குக் குறையில்லை. ஆனால் செய்தி வார்ப்புருவை டி.எல்.டி.யில் (வணிகக் குறுஞ்செய்திகளை அனுப்புமுன் பதியவேண்டிய தளம்) பதிந்துவிட்டால், பிறகு ஒரு சொல் மாற்றினாலும் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே இங்கேயே அடித்துப் பேசி முடிப்போம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

கெடு முக்கியம் என்றால் ‘கெடுப்பிடி’ என்று வைக்கலாமா? …எழுதிப் பார்த்ததும்தான் தெரிகிறது, ‘கெடுபிடி’ என்றே வாசிக்கிறார்கள். விட்டுவிட்டேன்.

வைப்பு இடித்தால் பெயர்ச்சொல்லே எதற்கு? ‘எடுத்துவைத்தது’ என்று வினையாகவே நிற்கட்டும். பொத்தானில் ‘எடுத்துவை’. பட்டியலில் ‘எடுத்துவைத்த இடங்கள்’. ‘எடுத்துவைத்தது, 6.30 வரை’ என்ற இடத்தில் யாரும் தொகையை நிரப்ப மாட்டார்கள்.

தென்காசியிலிருந்து:

இது சரி. பணம் வாங்கும் கட்டத்துக்கு ‘வைப்பு’ வரவே வேண்டாம். பாதிப் பணம் வாங்கி உறுதிசெய்தால் ‘அச்சாரம்’. நம் பக்கத்தில் பெரியவர்களுக்குத் தெரிந்த சொல். இளையவர்களுக்காக ‘முன்பணம்’ என்று அடியில் சின்ன எழுத்தில் போடலாம். கூடாரம் கிழிந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பும் தொகை ‘காப்புத்தொகை’. அச்சாரம் வாடகையில் கழியும், காப்புத்தொகை கழியாது. ரசீதில் இரண்டையும் தனித்தனி வரியில் காட்டுங்கள்.

நாட்காட்டிக் கட்டத்துக்குள் எந்தத் தமிழ்ச் சொல்லும் அடங்காது. அங்கே கோடு போட்ட மஞ்சள், பக்கத்தில் கெடு நேரம், அவ்வளவு போதும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குக் கோடு உதவும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: எடுத்துவை, எடுத்துவைத்தது, விடுவித்தது, அடைப்பு, அச்சாரம், காப்புத்தொகை. மூன்று வகைக்கும் இதே சொல், கெடு மட்டும் மாறும்: நிமிடம், மணி, தேதி. கூட்டத்துக்கு எடுத்துவைத்ததில் கெடு அன்று பணம் வராத இடங்களை மட்டும் விடுவிக்க வேண்டும், பணம் கட்டிய இடங்களைத் தொடக்கூடாது.

குறுஞ்செய்தி இப்படி: ‘4ஆம் இடத்தை எடுத்துவைத்துள்ளோம். 6.30க்குள் பணம் வந்தால்தான் முன்பதிவு.’ எண்ணினால் 71. கடைசிப் புள்ளியை எடுத்தால் 70. ஆனால் தோப்பின் பெயரும் சேரவேண்டும், எப்படியும் இரண்டாக உடையும். தம்பிக்கு ஆறுதலாக அந்த ஒவ்வொரு பகுதியையும் ‘துண்டு’ என்று அழைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத் தாளில் இந்தச் சொல் எதுவும் வேண்டாம். வாங்கப்போகிறவர் புலிகள் காப்பக எல்லைக்கு வெளியே தோப்பிலோ வயலோரத்திலோ நாலு கூடாரம் போட்டிருப்பவர். நோட்டில் எழுதி, வாட்ஸ்அப்பில் பேசி இடம் கொடுப்பவர். ‘ஒரே இடத்தை ரெண்டு பேருக்குக் கொடுக்காது’ என்ற வரி அவருக்குப் போதும். மாதச் சந்தாவாக விலை சொன்னால் சீசன் இல்லாத மாதத்தில் நிறுத்திவிடுவார். ஒரு முன்பதிவுக்கு இவ்வளவு என்று சொன்னால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமக்கும் வரும், மற்ற மாதத்தில் அவருக்கும் வலிக்காது. ‘முகாம்’ என்ற சொல் அந்தத் தாளில் கூடாது, கண் சிகிச்சை முகாம் என்று நினைப்பார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கிய ஊர் இது. ‘கூடாரம் போட இடம்’ என்று பச்சையாகச் சொன்னாலே விளங்கும்.

அடுத்தது: குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற விதி இருக்கும் இடத்தில், இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே ஒரே ஓர் இரவு சிக்கிக்கொண்டு யாருக்கும் விற்க முடியாமல் கிடக்கிறது. அந்த இரவுக்கு மட்டும் விதியைத் தளர்த்தும் பொத்தான் தயார். நான் ‘இடுக்கு இரவு’ என்று வைத்திருக்கிறேன். இதற்கு மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.