குடும்பக் குழுவில் தாஹான் மலை

புதன்கிழமை

தேவி: எல்லோருக்கும் வணக்கம். நாளை இரவு நானும் குமரனும் பகாங்கில் இருக்கும் மெராப்போவுக்குக் கிளம்புகிறோம். வெள்ளி காலையில் குனோங் தாஹான் மலை ஏற்றம். திங்கள் சாயங்காலம் வெளியே வந்துவிடுவோம். நடுவில் போனில் லைன் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பதற வேண்டாம்.

அம்மா: இதைக் குழுவில் இப்போதுதான் சொல்கிறாள். எனக்கே போன வாரம்தான் தெரியும்.

சித்தி: உனக்காவது போன வாரம் அக்கா. குமரன் எனக்கு இன்று பசியாறும்போதுதான் சொன்னான்.

செல்வம் சித்தப்பா: கினபாலுவுக்கே போய் வந்த பிள்ளைகள். அது 4,095 மீட்டர். தாஹான் 2,187தான், ஏறக்குறைய பாதி. ஒன்றும் ஆகாது லா.

பெரிய மாமா: மாப்பிள்ளை, உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கினபாலுவில் வண்டி கொண்டுபோய் விடுகிற வாசலே 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ராத்திரிக்கு மெத்தை, சூடான சாப்பாடு. தாஹானில் அடிவாரத்துக் காட்டிலிருந்து நடக்க வேண்டும். போக மட்டும் 30 கிலோமீட்டர் வாக்கில் வரும். அரிசி, அடுப்பு, கூடாரம் எல்லாம் நம் முதுகில். நான் அந்தக் காலத்தில் கோலா தாஹான் வழியாகப் போனேன், அது போக வர ஏழு நாள். மெராப்போ வழி குறுக்கு, ஆனால் சுலபம் இல்லை.

அம்மா: அண்ணே, நீங்கள்தான் அவளைத் தூண்டிவிட்டிருப்பீர்கள்.

பெரிய மாமா: நான் படம் மட்டும்தான் காட்டினேன்.

சித்தி: கூட யார் போகிறார்கள்?

குமரன்: பத்துப் பேர் கொண்ட குழு அம்மா. மெராப்போ ஆள் ஒருவர்தான் வழிகாட்டி, லைசென்ஸ் உள்ளவர். அவருக்கு உதவியாக இன்னொருவர் கடைசியில் வருவார்.

செல்வம் சித்தப்பா: அதுதான் போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே. பாதையும் ஒன்றுதான் என்கிறார்கள். வழிகாட்டிக்கு வேறு காசு கொடுக்க வேண்டுமா?

தேவி: வழிகாட்டி இல்லாமல் பெர்மிட்டே கிடைக்காது சித்தப்பா. தமான் நெகாரா தேசியப் பூங்காவில் இந்த மலைக்கு அதுதான் விதி.

அம்மா: சரி, அதை விடுங்கள். சாப்பாட்டுக்கு என்ன? முறுக்கு இரண்டு டின், இட்லிப் பொடி, சார்டின் ஆறு டின், இஞ்சித் தொக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

தேவி: அம்மா, ஒவ்வொருவருக்கும் பை ஏற்கெனவே 15 கிலோ. கண்ணாடி பாட்டிலே வேண்டாம்.

குமரன்: பெரியம்மா, இன்னொரு விஷயம். உள்ளே போகும்போது பூங்கா அலுவலகத்தில் சாமான் பட்டியல் எழுத வேண்டும். மைலோ பாக்கெட் எத்தனை, மெகி எத்தனை, பேட்டரி எத்தனை என்று எண்ணி எழுதுவார்கள். திரும்பி வரும்போது வெற்று உறையாக இருந்தாலும் அத்தனையும் காட்ட வேண்டும். காட்டில் எதையும் போட்டுவிட்டு வர முடியாது.

அம்மா: அப்படியென்றால் எல்லா உறையையும் நான் வீட்டிலேயே பிரித்து, ஒரே டப்பர்வேரில் கொட்டித் தருகிறேன். பட்டியலில் "டப்பர்வேர் ஒன்று". முடிந்தது.

பெரிய மாமா: இத்தனை வருடத்தில் என் தங்கச்சி சொன்னதிலேயே உருப்படியான யோசனை.

அம்மா: மூடியைத் தொலைத்துவிட்டு மட்டும் வீட்டுக்கு வர வேண்டாம்.

செல்வம் சித்தப்பா: குமரனுக்கு நான் நல்ல பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். 600 வெள்ளி. தண்ணீர் உள்ளே போகாதாம்.

பெரிய மாமா: உள்ளே போகாத தண்ணீர், போய்விட்டால் வெளியே வராது மாப்பிள்ளை. அந்த வழியில் முதல் நாளே ஆற்றைப் பல தடவை கடக்க வேண்டும். சந்தையில் 15 வெள்ளிக்குக் கம்போங் அடிடாஸ் கிடைக்கும். அதை வாங்குங்கள். மலை வழிகாட்டிகளே அதைத்தான் போடுகிறார்கள்.

சித்தி: அது என்ன அடிடாஸ்?

லதா அக்கா: பாட்டி பக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்துதானே? அதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். உங்களையெல்லாம் படிக்க வைத்ததும் அந்தச் சப்பாத்துதான். இப்போது காசு கொடுத்து அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்களா? அட்டை கடிக்கும், புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் காலில் தடவச் சொல்."

தேவி: பாட்டி, அட்டைக்கு நீளக் காலுறை வாங்கியாயிற்று.

சித்தி: கடித்தால் உப்பு போடலாமே?

லதா அக்கா: வேண்டாம் சின்ன அத்தை. உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். அது வயிற்றில் இருப்பதைப் புண்ணிலேயே கக்கிவிடும். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, வாய்ப் பக்கமாகத் தள்ளி எடுத்தால் போதும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, உறையவிடாத ஒன்றை அது உள்ளே விடுகிறது. பயப்பட வேண்டியது அட்டைக்கு இல்லை, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலுக்கு. காலில் வெட்டுக்காயத்தோடு ஆற்றில் இறங்குவீர்கள். முன்கூட்டி மாத்திரை தேவையா என்று நாளைக்கே கிளினிக்கில் கேளுங்கள். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

குமரன்: சரி அக்கா.

வெள்ளிக்கிழமை

தேவி: [படம்] சுங்கை ரெலாவ் பூங்கா அலுவலகம். சாமான் எண்ணி முடித்தாயிற்று. டப்பர்வேரைத் திறந்து பார்த்த ரேஞ்சர் முறுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பட்டியலில் முறுக்கு எண்ணிக்கை இல்லை, நல்லவேளை.

குமரன்: இப்போது ஜீப்பில் கோலா ஜூராம். அங்கிருந்து நடை. வழிகாட்டி அபாங் பேச்சு குறைவு. எங்கள் எல்லோருடைய பையையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். என் பையிலிருந்து ஒரு ஜீன்ஸை எடுத்து ஜீப்பிலேயே வைத்துவிட்டார்.

அம்மா: சாமி கும்பிட்டீர்களா?

அம்மா: தேவி?

பெரிய மாமா: லைன் போயிருக்கும். இனி திங்கள்தான்.

சனிக்கிழமை

அம்மா: கிள்ளானில் விடியற்காலையிலிருந்து மழை. அங்கே எப்படியோ.

பெரிய மாமா: இங்கே பெய்தால் அங்கேயும் பெய்ய வேண்டும் என்று இல்லை. நேற்று ராத்திரி கெம் கோர் முகாமில் தங்கியிருப்பார்கள். இன்றுதான் உண்மையான ஏற்றம். கெம் பெர்மாத்தாங், கெம் கூபாங், அப்புறம் பெலுமுட். கூபாங் வரைக்கும் பெரிய மரங்கள்தான், வானமே தெரியாது. அதற்கு மேல் போகப் போக மரம் குட்டையாகும், வேரெல்லாம் பாசி. காலை எங்கே வைத்தாலும் மெத்தென்று இருக்கும், நம்பி வைத்தால் முழங்கால் வரை இறங்கும். போன்சாய் முகாம் பக்கம் மரம் நம் தோள் உயரம்தான் இருக்கும். தரையெல்லாம் குடுவைச் செடி. அங்கே ராத்திரிக் காற்று ஏர்கோனைப் பதினாறில் வைத்த மாதிரி.

சித்தி: புலி இருக்கிறதா மச்சான்... மன்னிக்கவும், அண்ணே. இவர் கேட்கச் சொன்னதை அப்படியே தட்டிவிட்டேன்.

பெரிய மாமா: மாப்பிள்ளையே கேட்கலாமே. இருக்கிறது. ஆனால் பார்த்தவர்களைவிடக் கால்தடம் பார்த்தவர்கள்தான் அதிகம். யானைச் சாணம் வழியிலேயே கிடக்கும். மொத்தப் பூங்கா 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றிலும் பரந்திருக்கிறது. சிங்கப்பூரைப்போல் ஆறு பங்கு. அதற்குப் புலியும் தேவைதானே.

செல்வம் சித்தப்பா: இந்த மலையில் முதலில் ஏறியது யார் மச்சான்? வெள்ளைக்காரனா?

பெரிய மாமா: குழுவைக் கொண்டுபோனது ராபின்சன் என்ற வெள்ளைக்காரர், 1905இல். ஆனால் உச்சியில் முதலில் கால் வைத்தவர்கள் அவரோடு போன மலாய்க்காரர்கள். அதற்கு முன்னால் பலர் முயன்று பாதியில் திரும்பிவிட்டார்கள். பிறகு 1930களின் கடைசியில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்கா ஆக்கினார்கள். தமான் நெகாரா என்ற பெயர் சுதந்திரத்துக்குப் பிறகு.

அம்மா: அண்ணே, வரலாறு அப்புறம். சாப்பிட்டிருப்பார்களா?

திங்கட்கிழமை

அம்மா: மணி ஏழு. இன்னும் மெசேஜ் இல்லை.

சித்தி: குமரன் போனும் ஒரே டிக்தான்.

செல்வம் சித்தப்பா: ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டேன். குழு இன்னும் ஜூராம் வரவில்லை, ஜீப் காத்திருக்கிறது என்கிறார்.

அம்மா: மணி ஒன்பது. நான் கிளம்பிப் போகிறேன்.

பெரிய மாமா: எங்கே போவாய்? பொறு. பூங்கா அலுவலகத்துக்கு நானே பேசினேன். மத்தியானம் மேலே நல்ல மழை, ஆறு ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில் இருட்டில் ஆற்றைக் கடக்க எந்த வழிகாட்டியும் விடமாட்டார். கோரில் தங்கியிருப்பார்கள்.

அம்மா: தங்கியிருப்பார்கள் என்றால்? பார்த்தவர் யார்?

பெரிய மாமா: யாரும் பார்க்கவில்லை. அமுதா, நான் போனபோதும் எங்களை ஒரு நாள் முழுக்க ஆற்றங்கரையில் உட்கார வைத்தார் எங்கள் ஆள். எனக்கு அன்று அவர்மேல் அவ்வளவு கோபம். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து போட்ட மரத்தைப் பார்த்தேன். நான்கு பேர் கட்டிப் பிடிக்க வேண்டும்.

சித்தி: அவர்களிடம் அரிசி இருக்குமா?

லதா அக்கா: ஒரு வேளைக்குக் கூடுதலாகக் கொண்டுபோவது வழக்கம் சின்ன அத்தை. அத்தை, நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு படுங்கள். நான் போனை முழு ஒலியில் வைத்திருக்கிறேன்.

அம்மா: தூக்கம் எங்கே வரும்.

செவ்வாய்க்கிழமை

தேவி: அம்மா!!! வெளியே வந்துவிட்டோம். 11:20. எல்லோரும் நலம்.

அம்மா: முருகா.

சித்தி: குமரன் எங்கே?

குமரன்: இங்கேதான் அம்மா. கால் விரல் நகம் ஒன்று கறுத்துவிட்டது, மற்றபடி நலம்.

செல்வம் சித்தப்பா: என்னதான் ஆயிற்று?

தேவி: நீளமாக எழுதுகிறேன், படியுங்கள். உச்சிக்கு ஞாயிறு காலையில் போய்விட்டோம். மேகம், பலகை, படம், பத்து நிமிடம். அவ்வளவுதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது நேற்று. மத்தியானம் கோர் தாண்டி வந்து, கடைசியில் கடக்க வேண்டிய இடங்களில் ஒன்றுக்கு மூன்று மணி போல வந்தோம். எங்கள் தலைக்கு மேல் மழையே இல்லை. தண்ணீர் முழங்கால்தான். அக்கரை தெரிகிறது. முன்னால் போனவன் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டான். வழிகாட்டி அவன் பையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டார்.

தேவி: எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீரைப் பார் என்றார். போகும்போது தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தது, இப்போது பால் கலந்த மாதிரி. அதில் பச்சை இலைகள், பிய்ந்த சிறு கிளைகள். காய்ந்த இலை என்றால் பரவாயில்லை, பச்சை இலை வந்தால் மேலே கரையை உடைத்துக்கொண்டு வருகிறது என்றார். ஒரு குச்சியை வெட்டி, தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு, சிகரெட் பற்றவைத்தார். சிகரெட் முடிவதற்குள் குச்சி பாதி மறைந்துவிட்டது. அப்புறம் குச்சியையே காணோம்.

குமரன்: சத்தம்தான் முதலில் மாறியது மாமா. கல் உருளுகிற சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

பெரிய மாமா: கெப்பாலா ஆயர், மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளம். அதேதான்.

தேவி: அவர் வேறொன்றும் சொல்லவில்லை மாமா. பையைத் தூக்குங்கள், மேலே போகலாம் என்றார். இரண்டு பேர் நாளைக்கு வேலை இருக்கிறது, கயிறு கட்டிக் கடந்துவிடலாம் என்று வாதாடினார்கள். பதிலே சொல்லாமல் அரிசி கழுவ ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு அரைக் கோப்பைச் சோறு, அம்மாவின் இட்லிப் பொடி. மலாய்க்காரப் பையன் ஒருவன் பொடிக்கு ரெசிப்பி கேட்டான்.

அம்மா: பொடி மீதி இருக்கிறதா?

தேவி: நக்கித் துடைத்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தார். இறங்கிய தண்ணீர் விட்டுப்போன சேற்றுக்கோடு மரத்தில் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. முதலில் அவர் வெறுங்கையோடு போய் வந்தார், அப்புறம் கயிறு கட்டி ஒவ்வொருவராக எங்களைக் கடக்கவிட்டார். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், விழுந்தால் பையை உதறிவிடலாம் என்று ஒவ்வொருவர் பட்டையையும் அவரே தொட்டுப் பார்த்தார்.

செல்வம் சித்தப்பா: அந்த ஆளுக்கு ஏதாவது கூடக் கொடுத்தீர்களா?

குமரன்: எல்லோரும் சேர்த்துக் கொடுத்தோம் அப்பா.

செல்வம் சித்தப்பா: நான் ஒரு நூறு வெள்ளி போடுகிறேன். அனுப்பிவிடு.

லதா அக்கா: இருவரும் கேளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் வீட்டில் பனடோல் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டரிடம் போய்க் காட்டு ஆற்றில் இறங்கினேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். அந்தக் கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம் குமரா.

குமரன்: சரி அக்கா. மாமா, அடுத்து கொர்பு மலைக்குப் போகலாமா? 2,183 மீட்டர், நாலு மீட்டர்தான் குறைவு.

சித்தி: முதலில் வீட்டுக்கு வா. பேசிக்கொள்வோம்.

பெரிய மாமா: நான் இந்தப் பேச்சில் இல்லை.

அம்மா: தேவி, ஓட்டுவது யார்? தூங்காமல் ஓட்டாதீர்கள். லிப்பிஸில் நிறுத்திச் சாப்பிடுங்கள்.

தேவி: நேற்று ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிட்டோம் அம்மா, தூக்கக் கலக்கமெல்லாம் இல்லை. குமரன் ரவூப் வரைக்கும் ஓட்டுகிறான், அங்கே வாழையிலைச் சாப்பாடு. அப்புறம் நான்.